கையில் ஹெவி லைசென்ஸ், ஏற வண்டி இல்லை

2013 ஆடி மாதம் லாரி ஓட்டுவதற்கான ஹெவி லைசென்ஸ் என் கைக்கு வந்தது. ஐப்பசி வரைக்கும் ஒரு ஓனரும் நிலையாக வண்டி தரவில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் தெருவுக்கு நாலு லாரி ஓனர் இருப்பார்கள், அந்தத் தெருக்களில் எல்லாம் நடந்தேன். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள், ஆனால் கேள்வி ஒன்றுதான்.

"இதுக்கு முன்னால யார் வண்டி ஓட்டுனீங்க தம்பி?"

யார் வண்டியும் ஓட்டவில்லை. அனுபவம் இருந்தால்தான் வண்டி தருவார்கள், வண்டி தந்தால்தான் அனுபவம் வரும். இந்த முடிச்சில்தான் நான் மாட்டியிருந்தேன், இன்றைக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டு என்னிடம் வழி கேட்கிற பையன்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதனால் எனக்கு எப்படி அவிழ்ந்தது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் சான்றிதழ் விஷயம். நான் முறையான பயிற்சி நிலையம் எதிலும் படித்தவன் இல்லை. நாமக்கல்லில் அசோக் லேலாண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருப்பது தெரியும், போய்ப் படிக்க ஆசையும் இருந்தது, வீட்டில் ஒரு மாதச் சம்பளம் நின்றால் அடுப்பு நிற்கும் நிலை. ஹெவி எடுக்க வேண்டுமென்றால் சட்டப்படி கார் மாதிரி சின்ன வண்டிகளுக்கான லைட் லைசென்ஸ் ஒரு வருடமாவது கையில் இருக்க வேண்டும், 20 வயது முடிந்திருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பயிற்சி முடித்ததற்கு டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் சான்றான படிவம் 5 வேண்டும். அந்தப் படிவம் எனக்கும் கிடைத்தது. ஆனால் நான் சேர்ந்த ஸ்கூலில் இருந்தது ஒரு பழைய ஆறு சக்கர வண்டி, காலி வண்டி, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஏழெட்டு முறை ஸ்டியரிங் பிடித்திருப்பேன், அவ்வளவுதான். சரக்கு ஏற்றிய வண்டி எப்படி இழுக்கும், இறக்கத்தில் எப்படித் தள்ளும், மழையில் பிரேக் எப்படிப் பிடிக்கும், ஒன்றுமே அங்கே கிடையாது. ஓனர்களுக்கும் இது தெரியும். அந்தக் காகிதத்தை யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு உண்மையில் தொழில் சொல்லிக் கொடுத்தது அதற்கு முந்தைய இரண்டரை வருடக் கிளீனர் வேலை. 19 வயதில் எங்கள் ஊர் டிரைவர் அண்ணன் ஒருவரோடு வண்டி ஏறினேன். சேலம் பக்கத்தில் இருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர் வழியாகப் புனே, அங்கே இறக்கிவிட்டு நாசிக் போய் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். பத்து சக்கர வண்டி, அப்போதைய கணக்கில் சரக்கோடு மொத்தம் 25 டன். அண்ணன் அதிகம் பேசமாட்டார். முதல் ஆறு மாதம் எனக்குத் தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, கண்ணாடி துடைப்பது, டயர் தட்டுவது, சமைப்பது தவிர வேறு வேலை இல்லை. அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

டயர் தட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு ராடு ஒன்று கேபினில் கிடக்கும். வண்டி நிற்கிற இடமெல்லாம் இறங்கி ஒரு சுற்று வந்து ஒவ்வொரு டயரையும் தட்ட வேண்டும். காற்று சரியாக இருந்தால் ராடு கையில் துள்ளும், ஓசை 'டங்' என்று கணீரென வரும். காற்று இறங்கிய டயரில் ராடு துள்ளாது, 'தொப்'பென்று அமுங்கும். பின்னால் ஜோடி டயர்களில் உள் டயர் கண்ணுக்குத் தெரியாது, ராடை உள்ளே விட்டுத்தான் தட்ட வேண்டும், அது பஞ்சராகி வெளி டயர் மட்டும் சுமையைத் தாங்கிக்கொண்டு ஓடினால் சூடேறி வெடிக்கும், சில நேரம் தீயே பிடிக்கும். இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கும், அதைக் கம்பி விட்டு எடுக்காவிட்டால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும், இல்லையென்றால் ஓட்டத்தில் தெறித்துப் பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் நான் வெளி டயரை மட்டும் தட்டிவிட்டு ஏறிவிட்டேன். அண்ணன் திட்டவில்லை, இன்ஜினை நிறுத்திவிட்டு அவரே ராடை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு எந்த நாளும் நான் உள் டயரை விட்டதில்லை.

லைட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆனதும் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட்டேன். அதன் பிறகுதான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங் தந்தார், அதுவும் முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டி, காலி வண்டியில், பகலில், நேர் ரோட்டில். அதற்கு முன்னால் எத்தனையோ முறை கேட்டேன், தரவில்லை. லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டி எதிலாவது மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டிவிட்டு ஓனரிடம் திரும்ப வசூலிக்கும், ஓனர் வீடு விற்க வேண்டி வரும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு உயிர் போகும். "கைப்பழக்கம் எப்ப வேணா வரும், காத்திரு" என்பார். இந்தத் தொழிலில் கிளீனரிடம் திருட்டுத்தனமாக ராத்திரியில் ஸ்டியரிங் கொடுத்துவிட்டுத் தூங்கும் டிரைவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பழகுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் பழகிய நாட்களை எந்த ஓனரிடமும் அனுபவமாக வாய்திறந்து சொல்லவும் முடியாது.

தொப்பூர் கணவாயை அவர்தான் கற்றுக் கொடுத்தார். தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்கும்போது கணவாய் நீளமான இறக்கம், அங்கே நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். வண்டி தன் கனத்தில் வேகம் எடுக்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்துப் பிடிப்பு போய்விடும், திரும்பத் திரும்ப மிதிப்பதில் பிரேக்கை வேலை செய்யவைக்கும் ஏர் டேங்கில் இறங்கும், ஒரு கட்டத்தில் காலுக்குக் கீழே பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. வெங்காய லோடோடு முதல் தடவை நான் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தபோது அண்ணன் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, ஏர் மீட்டரைப் பார்த்து, கியரை இறக்கி, இன்ஜின் புகையை அடக்கி வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தார். பின்னால் ஹாரன் அடித்தே நம் காதைக் கிழித்தார்கள். "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல எறங்கு. ஹாரன் அடிக்கறவன் வந்து உன் வண்டிய நிறுத்தித் தரமாட்டான்." கீழே வந்ததும் இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டச் சொன்னார். வெதுவெதுப்பு மட்டும்தான். எங்களைத் தாண்டிப் போன ஒரு வண்டி கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டி நின்றது, பிரேக் லைனிங் கருகிய நாற்றம் ரோட்டுக்கே அடித்தது.

சரி, வேலை தேடிய கதைக்கு வருகிறேன்.

அண்ணனோடே தொடர்ந்திருக்கலாம், ஆனால் அந்த ஓனர் வண்டியை விற்றுவிட்டார். நான் செய்த முதல் தப்பு, ஒரு இடத்தில் பொய் சொன்னது. டிப்பர் வண்டி, கிரஷரில் இருந்து ஜல்லி ஏற்றி இறக்குவது. "ரெண்டு வருசம் டிப்பர் ஓட்டியிருக்கேன்" என்றேன். மறுநாள் காலை குவாரியில் செங்குத்தான ஏற்றத்தில் லோடோடு கியர் மாற்றத் தவறி இன்ஜின் நின்று வண்டி பின்னால் உருண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பத்தடி போய் மண்மேட்டில் முட்டி நின்றது. பின்னால் ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எழுதும்போதும் கை வியர்க்கிறது. அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள், அவர்கள் செய்தது சரி. ஓட்டாத வண்டியை ஓட்டினேன் என்று சொல்லாதீர்கள், மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும், தெரியும் விதமும் நம் கையில் இருக்காது.

இரண்டாவது தப்பு, இன்னொரு இடத்தில் ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு முன்பணம் வாங்கியது. லோக்கல் லோடு, "ஒரு வாரத்துல பெரிய வண்டி தர்றேன்" என்றார். வாரம் மூன்றானது. நடுவில் வேறு இடத்தில் நல்ல வாய்ப்பு வந்தது, லைசென்ஸ் அவரிடம், வாங்கின 5,000 ரூபாய் செலவாகிவிட்டது. கடன் வாங்கிக் கட்டி லைசென்ஸை மீட்பதற்குள் அந்த வாய்ப்பு போய்விட்டது. ஜெராக்ஸ் கொடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். முன்பணம் எவ்வளவு குறைவாக வாங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முடிந்தால் முதல் மூன்று மாதம் வாங்கவே வேண்டாம்.

கடைசியில் வண்டி கிடைத்தது, கிடைத்த விதம் இதுதான். பழைய அண்ணன் புது இடத்தில் சேர்ந்திருந்தார். சங்கடப்பட்டுக்கொண்டு நான் அவரைக் கேட்கவே இல்லை, நானாகத் தேடிக்கொள்ளலாம் என்ற வீறாப்பு. மூன்று மாதம் கழித்துத்தான் போன் செய்தேன். "இத மொதல்லயே கேக்கறதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு ஒரு ஓனர் பெயரைக் கொடுத்தார். போனேன். வயதானவர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முன்னால் ஒரு பத்து சக்கர லேலாண்டு.

"கிளீனரா எத்தன வருசம்?"

"ரெண்டரை வருசமுங்க. டிரைவரா யார் வண்டியும் நிலையா ஓட்டலீங்க, அண்ணன் பக்கத்துல உக்காந்து காலி வண்டி ஓட்டிப் பழகியிருக்கேன், லோடு வண்டி கொஞ்சந்தானுங்க."

"சரி, அத எடுத்து அந்த வேப்பமரத்தடில விடு பாக்கலாம்."

சாவியை வாங்கினதும் கால் தன்னால் வண்டியைச் சுற்றி வந்தது. கேபினில் ராடு இருந்தது, பத்து டயரையும் தட்டினேன், இடது பக்கம் ஒரு உள் டயர் அமுங்கியது. "உள் டயர்ல காத்து கம்மியா இருக்குதுங்க, பரவால்லீங்களா எடுக்க?" என்று கேட்டேன். காலி வண்டிதானே, எடு என்றார். கீழே குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா பார்த்தேன், ஸ்டார்ட் போட்டு ஏர் ஏறும் வரை நின்றேன், அப்புறம் எடுத்தேன். ரிவர்ஸ் மூன்று முறை வெட்டித்தான் மரத்தடியில் விட முடிந்தது, அதில் ஒரு முறை நானே இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரிவர்ஸ் சரியில்லை, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டார். வண்டி ஓட்டுவானா என்று கேட்கவில்லை, "குடிப்பானா? டீசல்ல கை வெப்பானா? ராத்திரி தூக்கம் வந்தா நிறுத்துவானா?" என்று மூன்றே கேள்வி. போனை வைத்துவிட்டு, "ரெண்டாவது டிரைவரா வா, ரிவர்ஸ் பழகிக்கலாம்" என்றார். மாதம் 6,000 ரூபாய் சம்பளமும் பேட்டா என்கிற படியும்.

இரண்டாவது டிரைவருக்கு அன்று இடம் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாநிலம் தாண்டி ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. அனுபவம் உள்ள ஒருவரோடு புதியவனைச் சேர்த்து அனுப்பினால் ஓனருக்குச் செலவும் குறைவு, நமக்குத் தொழிலும் வரும். பெங்களூர் தாண்டி நேர் ரோட்டில் நான், மலைப்பாதையான காட் செக்‌ஷனிலும் ஊருக்குள்ளும் மூத்த டிரைவர் என்று எட்டு மாதம் ஓடினேன். புனே பக்கத்துக் கம்பட்கி மலைப்பாதையில் லோடோடு தனியாக ஏற்ற அவர் என்னை விட்டது ஏழாவது மாதம்தான். பத்தாவது மாதம் எனக்கென்று வண்டி கிடைத்தது.

இப்போது நிலைமை வேறு, அது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. இரண்டு டிரைவர் விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கிளீனரையும் பல ஓனர்கள் நிறுத்திவிட்டார்கள், பல வண்டிகள் ஒற்றை ஆளோடு போகின்றன. நான் ஏறி வந்த படி இன்றைக்கு வருகிற பையனுக்குப் பாதி உடைந்து கிடக்கிறது. அதனால் என் வழியை அப்படியே செய் என்று சொல்ல முடியவில்லை. இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது.

லைட் லைசென்ஸ் மட்டும் இருக்கிறதா, சும்மா இருக்காதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை லைட் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. குட்டி யானை, டாடா 407 மாதிரி சின்ன சரக்கு வண்டிகளில் ஒரு வருடம் ஓடுங்கள். லோடு கட்டுவது, பில் பார்ப்பது, கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது, கஸ்டமரிடம் பேசுவது எல்லாம் அதிலேயே பழகும், அடுத்த ஓனர் "யார் வண்டி ஓட்டின" என்று கேட்டால் ஒரு பெயரும் போன் நம்பரும் சொல்ல ஆள் இருக்கும். பார்சல் லாரிகளில் இன்னும் இரட்டை டிரைவர் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே இரண்டாவது ஆளாகக் கேளுங்கள். வீட்டு நிலை இடம் கொடுத்தால் பயிற்சி நிலையத்துக்கே போய்விடுங்கள், 2021 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மையங்களில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி, எனக்குக் கிடைத்த ஏழெட்டு ரவுண்டோடு அதை ஒப்பிடவே முடியாது. கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் பக்கம் போக ஆசையென்றால் ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியும் அதற்கான சான்றும் கட்டாயம், அங்கே வாய்ப்பேச்சு, சிபாரிசு எதுவும் செல்லாது, செல்லவும் கூடாது.

சிபாரிசு கேட்க வெட்கப்படாதீர்கள். 30, 40 லட்ச ரூபாய் வண்டியை முகம் தெரியாத பையனிடம் கொடுத்து ஆயிரம் மைல் அனுப்புகிறவர், நம்மைத் தெரிந்த ஒருவரிடம் விசாரிக்காமல் எப்படிக் கொடுப்பார்? அந்த ஒரு ஆள் டிரைவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. டயர் கடைக்காரர், பட்டறை மேஸ்திரி, பங்க்கில் டீசல் அடிக்கிறவர், லோடு புக்கிங் ஆபீஸ்காரர், இவர்களுக்கெல்லாம் எந்த ஓனருக்கு ஆள் தேவை என்று நமக்கு முன்பே தெரியும். நாம் எப்படிப்பட்டவன் என்பதையும் அவர்கள் பார்த்து வைத்திருப்பார்கள்.

வண்டி கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடவும் கூடாது. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றும் தேதி முடியாமல் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம். படி எவ்வளவு, கிலோமீட்டருக்கா டிரிப்புக்கா, டயர் வெடித்தால் யார் பொறுப்பு, கணக்கு என்றைக்கு முடிப்பது, இதைக் கிளம்பும் முன் பேசுங்கள். ஓவர்லோடுக்கு 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலே 2,000. அதை யார் கட்டுவது என்று முதலிலேயே கேட்டால் அந்த ஓனர் எப்படிப்பட்டவர் என்று அவர் பதிலிலேயே தெரிந்துவிடும். சின்ன நோட்டு ஒன்றில் டோல், டீசல், கூலி எல்லாம் அன்றன்றைக்கே எழுதுங்கள். என் முதல் வருட நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, ஒரு டிரிப்பில் 1,800 ரூபாய் கணக்கு இடித்தபோது அந்த நோட்டுதான் பேசியது.

இப்போது என் வண்டியில் ஒரு பையன் வருகிறான், எங்கள் ஊர்ப் பையன்தான், 22 வயது, ஹெவி எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் சம்பளத்தில் பாதி ஓனர், பாதி நான் என்று பேசி ஏற்றியிருக்கிறேன். போன வாரம் ஓசூரில் ஒரு குடோனில் ரிவர்ஸ் விடச் சொன்னேன், இரண்டு முறை இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்து விட்டான், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்காக இரண்டு ஓனர்களிடம் பேசி வைத்திருக்கிறேன், ஒருவர் பொங்கல் கழித்துக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.